வால்வு இறுகிய இதயத்தில் அமிலாய்டும் இருக்கிறதா? கண்டுபிடிப்பது எப்படி?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் கவ்வாத்து வெட்டிய உங்கள் அப்பாவுக்கு 79 வயது. ஒரு வருடமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பெருநாடி வால்வு, அதாவது இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயில், கடுமையாக இறுகியிருப்பதாகச் சொன்னார்கள். வால்வின் பரப்பு 0.8 சதுர சென்டிமீட்டர், சராசரி அழுத்த வேறுபாடு 28, இதயச் சுவரின் தடிப்பு 16 மில்லிமீட்டர். அறிக்கையின் அடியில், அமிலாய்டோசிஸ் (உறுப்புகளில் ஒருவகைப் புரதம் படியும் நோய்) இருக்கிறதா என்று பார்க்கவும் என்று ஒரு வரி. "இதற்கு எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும், எங்கே எடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் நடுவில் இன்னொரு வரி இருக்கிறது: அமிலாய்டு என்றால் ஒபரேஷன் செய்தும் பயனில்லை என்று உறவினர் ஒருவர் சொன்னதாக. உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தவறு. அமிலாய்டு இருப்பது உறுதியானாலும், வால்வு உண்மையிலேயே கடுமையாக இறுகியிருந்தால், மாற்றுவதால் ஆயுள் கூடுகிறது என்றே இதுவரை வந்த தரவுகள் காட்டுகின்றன. அமிலாய்டைத் தேடுவது அடுத்துச் செய்யப்போகும் ஒவ்வொன்றையும் கண்ணைத் திறந்துகொண்டு செய்வதற்காக; அப்பாவைச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்காக அல்ல.

நான் இருதயநோய் வைத்தியன். மலையகத்து வைத்தியசாலைகளில் இருபது வருடங்களுக்கு மேலாக எக்கோ செய்துவருகிறேன். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு இந்த நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ இங்கே சொல்ல முடியாது. எதை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

அமிலாய்டு என்பது தவறாக மடிந்த புரதம். 'மாப்பொருள் போன்றது' என்ற பொருளில் இந்தப் பெயரை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்கோவ், 1854இல். அயோடின் பட்டதும் மாவைப் போல நிறம் மாறியதால் அப்படி நினைத்தார். அது மாவல்ல, புரதம் என்பது பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. முதியவர்களின் இதயத்தில் படிவது பெரும்பாலும் ட்ரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம். ஈரல் இதைச் சுரக்கிறது. தைரொயிட் ஹோர்மோனையும் உயிர்ச்சத்து ஏயையும் இரத்தத்தில் சுமந்து செல்வது இதன் வேலை. நான்கு துண்டுகள் சேர்ந்து ஒன்றாக இருக்கும் புரதம் இது. வயது ஏற ஏற அந்தக் கட்டு தளர்ந்து துண்டுகள் பிரிந்து, உருக்குலைந்து, இழை இழையாகத் திரண்டு இதயத் தசையின் இடுக்குகளில் உட்கார்ந்துகொள்கின்றன. சுவர் தடிக்கிறது; ஆனால் அந்தத் தடிப்பில் தசையின் பலம் இல்லை. ஈரம் ஏறிய சுவர் பருத்திருப்பதைப் போன்றது அது. இதயம் விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளச் சிரமப்படுகிறது.

சிக்கல் இங்கேதான். வால்வு இறுகினாலும் இதயச் சுவர் தடிக்கும், ஏனென்றால் ஒடுங்கிய வாயில் வழியாக இரத்தத்தைத் தள்ளத் தசை கூடுதலாக உழைக்கிறது. பல வருடப் பிரஷரும் அதையே செய்யும். மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, தலை சுற்றுவது என்று இரண்டு நோய்களுக்கும் அறிகுறிகள் ஒன்றே. ஒரு நோய் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அதே அறிகுறிகளோடு பின்னால் நிற்கும் மற்றதை யாரும் தேடுவதில்லை. மலையகத்தில் இதற்கு இன்னொரு திரையும் உண்டு. லயத்திலிருந்து பாதைக்கு வர முப்பது படி ஏற வேண்டும். கோயிலுக்குப் போக ஒரு மேடு. "இந்த மேட்டில் யாருக்குத்தான் மூச்சு வாங்காது?" என்று சொல்லி ஒரு வருடத்தைக் கடத்திவிடுகிறோம். நான் நோயாளிகளிடம் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பதில்லை. போன தீபாவளிக்கு ஏறிய படிகளை இந்தத் தீபாவளிக்கு எத்தனை இடத்தில் நின்று ஏறினீர்கள் என்று கேட்பேன். உண்மை வெளியே வரும்.

இந்த இரண்டு நோய்களும் ஒன்றாக இருப்பது எவ்வளவு சாதாரணம்? அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நெஞ்சைத் திறக்காமல் கால் இரத்த நாளம் வழியாக வால்வு பொருத்தப்பட்ட 151 முதியவர்களில் 16 சதவீதத்தினருக்கு ட்ரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு இருந்தது. பிறகு ஐரோப்பாவில் வந்த ஆய்வுகளிலும் எட்டுப் பேரில் ஒருவர் என்ற அளவை ஒட்டியே எண்கள் வந்தன. இதை அப்படியே நமக்குப் பொருத்திவிடக் கூடாது. அந்த நோயாளிகளின் சராசரி வயது எண்பதுகளின் நடுப்பகுதி. அந்த வயதில் இந்தப் படிவு எவ்வளவு பரவலானது என்பதற்கு ஓர் எண்: பின்லாந்தில் 85 வயதைத் தாண்டியவர்களின் பிரேதப் பரிசோதனைகளைப் பார்த்தபோது நால்வரில் ஒருவரின் இதயத்தில் இது இருந்தது. நம் கிளினிக்குகளில் வால்வு நோயோடு வருபவர்களில் பலர் வாதக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்தவர்கள்; இன்னும் சிலர் மூன்று இதழுக்குப் பதிலாக இரண்டு இதழோடு பிறந்து ஐம்பது அறுபது வயதில் சிக்கலுக்கு உள்ளாகிறவர்கள். ஐம்பது வயதில், மைட்ரல் என்ற இன்னொரு வால்வும் சேர்ந்து பழுதான ஓர் அம்மாவிடம் நான் அமிலாய்டைத் தேடிப் போக மாட்டேன். 65 வயதைத் தாண்டி, வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகி, சுவர் 12 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருப்பவரிடம் தேட வேண்டும் என்றே ஐரோப்பிய இருதயநோய் நிபுணர்கள் 2021இல் பரிந்துரைத்தார்கள். உங்கள் அப்பா அந்த வட்டத்துக்குள் வருகிறார். அறிக்கையில் அந்த வரியை எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரிக்கு வருகிறேன். "கை மரத்துப்போகும், ஏழெட்டு வருடத்துக்கு முன் வலது கையில் சின்ன ஒபரேஷன் செய்தார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கலாம். மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. விரல்களுக்குப் போகும் நரம்பு அதன் வழியாகப் போகிறது. ட்ரான்ஸ்தைரெட்டின் அந்தச் சுரங்கத்தின் தசைநார்களிலும் படியும். இதயத்தில் நோய் தெரிவதற்கு ஐந்து, பத்து வருடங்களுக்கு முன்பே கை மரத்துப்போவது, இரவில் விரல்கள் எரிந்து விழிப்பு வருவது, கடைசியில் 'கார்ப்பல் டனல்' சத்திரசிகிச்சை என்று முடிவது இந்த நோயில் மிகச் சாதாரணம். வால்வு நோயாளிகளில் யாருக்கு அமிலாய்டு இருக்கும் என்று கணிக்க ஐரோப்பாவில் உருவாக்கிய புள்ளிமுறையில், வயதையும் ஈ.சி.ஜி.யையும் சுவரின் தடிப்பையும்விட அதிகப் புள்ளி இந்தக் கைநோய்க்குத்தான்.

ஆனால் லண்டனிலும் வியன்னாவிலும் பளிச்சென்று தெரியும் இந்த அடையாளம் நம் மலையில் மங்கிப்போகிறது. முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்த பெண்ணின் கை மரத்துப்போவதற்கு அமிலாய்டு தேவையில்லை. கவ்வாத்துக் கத்தியை வீசிய கைக்கும் அப்படியே. அதற்கு மேல் நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, கழுத்தெலும்புத் தேய்மானம். "தோட்டத்து வேலை செய்த கை, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது, வைத்தியர்களிடமும்தான். ஆகவே நான் இப்படிப் பிரித்துப் பார்ப்பேன். வேலை செய்கிற காலத்தில் தொடங்கி, வேலையை விட்டதும் குறைந்த மரத்துப்போதலுக்கு நான் பெரிய எடை கொடுப்பதில்லை. வேலையை விட்டுப் பல வருடம் கழித்துத் தொடங்கியது, இரண்டு கையிலும் இருப்பது, அதுவும் ஓர் ஆணுக்கு என்றால் எடை கூடுகிறது. உங்கள் அப்பா அறுபதில் வேலையை விட்டவர். எழுபத்தொன்றில் கைக்கு ஒபரேஷன். இடது கையும் மரத்துப்போகிறதா என்று கேளுங்கள். நடந்தால் இடுப்பிலிருந்து கால்வரை இழுத்து, உட்கார்ந்தால் சரியாகிறதா என்று கேளுங்கள். முதுகெலும்புக் கால்வாய் ஒடுங்கினால் அப்படி வரும், அதுவும் இதே புரதத்தின் வேலையாக இருக்கலாம். முழங்கையை மடக்கச் சொல்லி மேற்கையைப் பாருங்கள். தசை ஓர் உருண்டையாகத் திரண்டு கீழே இறங்கி நின்றால் அதன் தசைநார் எப்போதோ அறுந்திருக்கிறது. பாரம் தூக்காத முதியவருக்கு அது தானாக அறுந்திருந்தால் நான் கட்டாயம் மேலே தேடுவேன்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: பல வருடம் பிரஷர் மாத்திரை குடித்தவருக்கு இப்போது பிரஷர் தானாகவே இறங்கிவிட்டதா? மாத்திரையை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டி வந்ததா? 'பிரஷர் குணமாகிவிட்டது' என்று குடும்பம் சந்தோஷப்படும். பிரஷர் அப்படிக் குணமாவதில்லை. விறைத்துப்போன இதயம் போதிய இரத்தத்தை வெளியே தள்ளாதபோதும் அது இறங்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். இறுகிய வால்வு, தடித்த சுவர். பழைய பிரஷர்காரர், தடிப்புக்கு அதுதான் காரணம் என்று எழுதிவிட்டேன். வால்வு மாற்றினார்கள். ஆறு மாதம் நன்றாக இருந்தார். பிறகு பழையபடி மூச்சுத் திணறல். புது வால்வோ அழகாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு நாள் நாடித்துடிப்பு முப்பதுக்கு இறங்கி மயங்கி விழுந்த பிறகுதான், அவருடைய கிளினிக் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். இரண்டு கைகளுக்கும் கார்ப்பல் டனல் சத்திரசிகிச்சை செய்த துண்டுச் சீட்டு அதில் தைக்கப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுக்கச் சுண்ணக்கட்டியைத் தவிர வேறெதையும் பிடிக்காத கைகள். அந்தச் சீட்டு முதல் நாளே என் மேசையில் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எக்கோ படுக்கையில் படுப்பவரின் உள்ளங்கையைத் திருப்பி மணிக்கட்டில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்காமல் நான் கருவியைக் கையில் எடுப்பதில்லை.

அடுத்தது ஈ.சி.ஜி. இது எந்த ஆதார வைத்தியசாலையிலும் உண்டு. வால்வு இறுகித் தசை உண்மையாகவே பெருத்திருந்தால் ஈ.சி.ஜி. அலைகள் உயரமாக இருக்க வேண்டும். எக்கோவில் சுவர் 16 மில்லிமீட்டர், ஈ.சி.ஜி.யில் அலைகள் குட்டையாக இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இடையில் இருப்பது தசையல்ல என்று சந்தேகிக்க வேண்டும். இதை எதிர்ப்பக்கமாகப் புரிந்துகொள்ளாதீர்கள். அலைகள் குட்டையாக இல்லாததால் நோய் இல்லை என்று ஆகாது. இந்த வகை அமிலாய்டு உள்ளவர்களில் பாதிக்கும் குறைவானவர்களிடமே அலை குட்டையாக இருக்கும். வலப்பக்க மின்பாதை அடைபட்டிருப்பது, சோணையறை (இதயத்தின் மேலறை) ஒழுங்கற்றுத் துடிப்பது, மாரடைப்பு வந்திராதவரின் ஈ.சி.ஜி.யில் பழைய மாரடைப்பின் சாயல் தெரிவது ஆகியவையும் குறிப்புகள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரொபோனின் என்ற புரதம் கொஞ்சம் கூடுதலாக, ஏறாமலும் இறங்காமலும் மாதக்கணக்கில் அப்படியே நின்றால் அதையும் சேர்த்துக்கொள்வேன். நெஞ்சு வலி என்று வார்டில் சேர்ந்து, ட்ரொபோனின் கூடியிருக்கிறது என்று அஞ்சியோகிராம் செய்து, நாளங்கள் சுத்தம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

எக்கோ அறிக்கைக்கு வருவோம். வால்வின் பரப்பு 0.8 என்றால் அது கடுமையான இறுக்கம், 1.0க்குக் கீழே போனாலே கடுமை என்கிறோம். ஆனால் கடுமையாக இறுகிய வால்வில் சராசரி அழுத்த வேறுபாடு 40 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்ட வேண்டும், அப்பாவுக்கு 28. இந்த முரண்பாட்டுக்கு ஒரு காரணம், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் இரத்தத்தின் அளவே குறைந்துவிட்டது என்பது. குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால் ஒடுங்கிய வாயிலும் சீறாது அல்லவா? சுருங்கும் திறன் 55 சதவீதம், நன்றாகத்தான் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். அறையே சிறுத்துப்போயிருந்தால், சிறிய அறையில் 55 சதவீதம் என்பது சிறிய அளவே. ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 35 மில்லிலீட்டருக்குக் கீழே இருக்கிறதா என்று கேளுங்கள். அமிலாய்டு சேர்ந்த வால்வு நோயில் இந்தக் குறைந்த ஓட்டமும் குறைந்த அழுத்தமும் அடிக்கடி காணப்படும் வடிவம்.

எக்கோவில் இன்னும் ஓர் எண் இருக்கிறது. அதை அறிக்கையில் எழுதாமலே விட்டுவிடுவார்கள். மைட்ரல் வால்வின் வளையம் ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் நுனியை நோக்கி இறங்கும் வேகம் அது. எக்கோ கருவியின் திசு டொப்ளர் என்ற முறையில் அரை நிமிடத்தில் அளக்கலாம். நான் சொன்ன 151 பேரின் ஆய்வில், அமிலாய்டு இருந்தவர்களைப் பிரித்துக் காட்டுவதில் முன்னால் நின்றது இந்த எளிய அளவுதான்; நொடிக்கு 6 சென்டிமீட்டர் அதன் எல்லை. அதற்கு மேல் தாராளமாக இருந்தால் அமிலாய்டுக்கான வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. கீழே இருந்தால் மேலும் தேட வேண்டும் என்பதே பொருள்; நோய் உறுதி என்பதல்ல. நுனி மட்டும் நன்றாகச் சுருங்கி அடிப்பாகம் அசையாமல் கிடக்கும் வடிவத்தைக் கணினி வரைபடத்தில் பார்த்து நோயைச் சொல்லும் முறை ஒன்றும் இருக்கிறது. வால்வு இறுகாதவர்களிடம் அது அருமையான அடையாளம். வால்வு இறுகியவர்களிடம் அமிலாய்டு இல்லாமலும் அந்த வடிவம் வரக்கூடும். ஆகவே அதை மட்டும் நம்பி முடிவெடுக்க நான் தயாரில்லை.

இவ்வளவும் சந்தேகத்தை வளர்ப்பதற்கு. உறுதிசெய்வதற்கு இரண்டு வேலைகள் வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். முதலாவது இரத்தமும் சிறுநீரும். ட்ரான்ஸ்தைரெட்டினைத் தவிர, எலும்பு மச்சையிலுள்ள ஒருவகைச் செல்கள் அளவுமீறிச் சுரக்கும் புரதத் துண்டுகளும் இதயத்தில் அமிலாய்டாகப் படியலாம். அது இரத்த நோய். இதயம் தளர்ந்த நிலையில் சிகிச்சையின்றி விட்டால் மாதக்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியது. மருந்து கொடுத்தால் பலர் மீள்கிறார்கள். வால்வு நோயோடு அது சேர்ந்து வருவது அரிது. அரிது என்பதால் விட்டுவிட முடியாது. இரத்தத்தில் கப்பா, லம்டா என்ற இரு இலகு சங்கிலிகளின் (அந்தப் புரதத் துண்டுகளின் பெயர் இதுதான்) விகிதம், அந்தச் செல்களின் புரதத்தை இரத்தத்திலும் சிறுநீரிலும் தேடும் இம்யூனோஃபிக்சேஷன் என்று மூன்று பரிசோதனைகள் கேட்க வேண்டும். சாதாரணப் புரத எலெக்ட்ரோஃபோரேசிஸ் மட்டும் செய்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அது போதாது. விகிதம் 0.26 முதல் 1.65 வரை இருப்பது வழமை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 3.1 வரை போனாலும் அது நோயின் அடையாளமாக இல்லாமல் இருக்கலாம். நாக்கு பருப்பது, கண்ணைச் சுற்றி ஊதா நிறத் திட்டுகள், சிறுநீர் நுரைப்பது ஆகியவை இருந்தால் இந்தப் பரிசோதனைகளுக்கு ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள். முடிவு சந்தேகமாக வந்தால் இரத்தநோய் நிபுணரைப் பார்ப்பதே அடுத்த படி. அப்போது ஸ்கேனை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

இரண்டாவது, நீங்கள் கேட்ட ஸ்கேன். எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படுத்தும் கதிரியக்கப் பொருளை இரத்த நாளத்தில் ஊசியால் ஏற்றி, ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்து நெஞ்சைப் படம் எடுப்பார்கள். ட்ரான்ஸ்தைரெட்டின் படிந்த இதயம் எலும்பைப் போலவே அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு ஒளிரும். ஏன் அப்படி என்பது முழுமையாக விளங்கவில்லை; அது நடக்கிறது என்பதில் சந்தேகமில்லை. விலா எலும்போடு ஒப்பிட்டு 0 முதல் 3 வரை தரமிடுவார்கள். விலாவுக்குச் சமமாக ஒளிர்ந்தால் 2, அதைவிடக் கூடுதலாக ஒளிர்ந்தால் 3. இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் சுத்தமாக இருந்து, ஸ்கேனும் 2 அல்லது 3 என்று வந்தால், இதயத்திலிருந்து தசைத் துண்டு எடுக்காமலே நோயை உறுதிசெய்யலாம் என்று 2016இல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து நிறுவின. ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் தரவு அதற்குப் பின்னால் இருக்கிறது. நான் தயங்காமல் நம்பும் முடிவு அது.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவதுதான் நம் நாட்டுக்கு முக்கியமானது. புற்றுநோயாளிகளுக்கு எலும்பு ஸ்கேன் செய்ய உலகெங்கும் பெரும்பாலும் பயன்படுத்துவது எம்.டி.பி. என்ற பொருள். அது இந்த நோயைக் கண்டுபிடிக்கப் போதுமானதல்ல. அதில் இதயம் ஒளிராவிட்டால் நோய் இல்லை என்று சொல்லவே முடியாது. வேண்டியது பைரோபொஸ்பேட், அல்லது டி.பி.டி., அல்லது எச்.எம்.டி.பி. 'போன் ஸ்கேன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் தவறான பொருளை ஏற்றி, சுத்தமான அறிக்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிட இடமுண்டு. ஆகவே கடிதத்தில் 'இதய அமிலாய்டுக்காக' என்று எழுதச் சொல்லுங்கள். எந்தப் பொருளை ஏற்றப் போகிறார்கள் என்று நாள் குறிக்கும்போதே கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. மலையகத்தவர்கள் கொழும்புக்குப் போவதற்கு முன் முதலில் அங்கே விசாரிக்க வேண்டும். பைரோபொஸ்பேட் அபூர்வமான பொருளும் அல்ல. வேறொரு இதய ஸ்கேனுக்காகச் சிவப்பணுக்களைக் குறியிடவும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது எச்சரிக்கை: தட்டையான படம் மட்டும் போதாது, சுற்றிச் சுழன்று எடுக்கும் ஸ்பெக்ட் படமும் வேண்டும். இதய அறைக்குள் நிற்கும் இரத்தம் ஒளிர்வதைத் தசை ஒளிர்வதாகத் தவறாக எடுத்துக்கொண்டவர்கள் பலர். அண்மையில் மாரடைப்பு வந்திருந்தாலும் தசை ஒளிரும். மூன்றாவது: இரத்த நோயால் வரும் அமிலாய்டிலும் ஒரு பகுதியினருக்கு ஸ்கேன் ஒளிரும். இரத்தப் பரிசோதனை இல்லாத ஸ்கேன் அறிக்கையை நான் கையில் வாங்கினாலும் முடிவு சொல்வதில்லை.

வயிற்றுக் கொழுப்பில் ஊசி போட்டுப் பார்த்து அமிலாய்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். முதுமையில் வரும் ட்ரான்ஸ்தைரெட்டின் வகையில் அந்த ஊசி நூற்றுக்குப் பதினைந்து பேரிடம்தான் படிவைக் கண்டுபிடிக்கிறது. அந்த அறிக்கையை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். எம்.ஆர்.ஐ. நல்ல தகவல் தரும். ஆனால் எந்த வகை அமிலாய்டு என்று சொல்லாது.

கண்டுபிடித்து என்ன செய்வது? வால்வு விடயத்தை மீண்டும் சொல்கிறேன். முதலில், பரப்பு கடுமை என்று காட்ட, அழுத்த வேறுபாடு 28 மட்டுமே என்ற அந்த முரண்பாட்டைத் தீர்க்க வேண்டும். சாயம் ஏற்றாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் வால்வில் படிந்த சுண்ணாம்பை எண்ணுவார்கள். ஆணுக்கு 2000, பெண்ணுக்கு 1200 என்ற அளவைத் தாண்டினால் இறுக்கம் உண்மையிலேயே கடுமை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் வால்வை மாற்ற வேண்டும். அமிலாய்டும் இருந்தால், நெஞ்சைத் திறந்து செய்வதைவிடக் கால் நாளம் வழியாகப் பொருத்துவதையே நான் விரும்புவேன். இதற்கு ஆதாரம், நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள்தான். சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல. அந்த ஆய்வுகளில், வால்வு பொருத்தியவர்கள் மருந்தோடு மட்டும் விடப்பட்டவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். மூச்சு வாங்குவது முழுமையாக நின்றுவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். விறைத்த தசை அப்படியேதான் இருக்கும், நீர்மாத்திரை தொடரும். கால் வழி வால்வுக்கு ஆகும் செலவை நான் அறிவேன். அதற்கு வழியில்லை என்றால் சத்திரசிகிச்சையைப் பற்றி நிபுணரோடு பேசுங்கள். ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிட அதுவும் மேலாக அமையலாம். அவருடைய உடல்நிலையை நேரில் பார்ப்பவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

மருந்துகளில், புரதத்தின் கட்டு அவிழாமல் பிடித்து வைக்கும் டஃபமிடிஸ் முதலாவது. 2018இல் வெளியான, 441 பேர் பங்கேற்ற ஆய்வில் 30 மாதத்தில் இறப்பு 42.9 சதவீதத்திலிருந்து 29.5 சதவீதத்துக்குக் குறைந்தது. அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது ஒரு வருடத்துக்கு 225,000 டொலர் விலை. நம் மக்களின் முன்னால் அந்த எண்ணைச் சொல்லவே எனக்கு மனம் கசக்கிறது. டைஃப்ளூனிசல் என்ற பழைய வலிநிவாரணியும் அந்தக் கட்டைப் பிடித்து வைக்கும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உடலில் நீரைத் தேக்கும். இறுகிய வால்வோடு இருக்கும் 79 வயதுக்காரருக்கு அது ஆபத்து. யாராவது இணையத்தில் பார்த்துச் சொன்னார்கள் என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

விலையுயர்ந்த மருந்து கிடைக்காவிட்டாலும் நோயின் பெயர் தெரிவதால் பயன் உண்டு, நிறையவே உண்டு. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா புளொக்கர் மாத்திரைகள் இவர்களைத் தளர்த்திவிடும். பிரஷருக்கு வழமையாகக் கொடுக்கும் அளவை அப்படியே தொடரக் கூடாது. வெரபமில், டில்டியாசம் இரண்டையும் தவிர்க்க வேண்டும். சோணையறை ஒழுங்கற்றுத் துடிக்கத் தொடங்கினால், பக்கவாத அபாயத்தைக் கணிக்கும் வழமையான புள்ளிக்கணக்கைப் பார்க்காமல் இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுக்க வேண்டும். இந்த இதயங்களில் இரத்தக் கட்டி எளிதாக உருவாகும். மின்பாதை அடைபட்டு பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால், வால்வு பொருத்தும் குழுவும் ஆயத்தமாக இருக்கும். உங்களுக்கும் உங்கள் சகோதரர்களுக்கும் வருமா என்றால்: 79 வயது ஆணுக்கு இது முதுமையால் வந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அது பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. ஒரு சிறு பகுதியினருக்கு மரபணு மாற்றத்தால் வருகிறது. அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒன்று வாய்ப்பு. ஆகவே நோய் உறுதியான பிறகு மரபணுப் பரிசோதனை செய்வது முறை. அதற்கு முன் அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்த கிளினிக் நாளுக்குப் போகும்போது பழைய ஈ.சி.ஜி.கள் அனைத்தையும், கை ஒபரேஷன் சீட்டையும், பிரஷர் மாத்திரைகள் எப்போது நிறுத்தப்பட்டன என்ற விபரத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பழைய பதிவு இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். இரத்தமும் சிறுநீரும் முதலில். அதன் பின்னால் ஸ்கேன். சுண்ணாம்பைப் பார்க்கும் சி.டி.யை இவற்றுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். இடையில் அப்பா மயங்கி விழுந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலோ, நாடி ஐம்பதுக்குக் கீழே இறங்கினாலோ, ஸ்கேனுக்குக் கொடுத்த திகதியைப் பார்க்காமல் அன்றைக்கே, இரவென்றாலும், கிட்டிய பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போனதும் இறுகிய வால்வு இருக்கிறது, அமிலாய்டு சந்தேகம் இருக்கிறது என்ற இரண்டையும் வாசலிலேயே சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையும் நீர்மாத்திரையும் கொடுக்கும் கை அதைக் கேட்டுவிட்டு அளவை யோசித்துக் கொடுக்கும்.